மாப்பிள்ளையின் பங்கு

"மாமா, ஒரு சிகரெட் குடுங்களேன்."

அச்சகக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே உட்காரவே கூச்சப்படுகிற மாப்பிள்ளை, வாய் திறந்து கேட்ட முதல் சீர் இது!

கொடுத்தார். மாப்பிள்ளை பற்றவைக்கவில்லை. "அப்புறம் பார்த்துக்கறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அதோடு விட்டாரா? தினமும் ஆபீஸ் முடிந்ததும் அச்சகத்தில் ஆஜர். ஒன்று இரண்டானது. இரண்டு அரைப் பாக்கெட் ஆனது. அப்புறம் அதுவும் போதவில்லை.

அச்சகக்காரருக்கோ ஒரு நாளைக்கு ஒரே பாக்கெட்தான். கொஞ்ச நாள் முன்பு, போன் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலது கை மரத்து, நாக்கு குழறியது; சற்று நேரத்தில் தானே சரியாகிவிட்டது.

"இது எச்சரிக்கை. அடுத்தது பக்கவாதமாவே வரலாம். பிரஷர் மாத்திரையை விடக்கூடாது. சிகரெட்டை விட்டே ஆகணும்" என்றார் டாக்டர்.

மாத்திரை வாய்க்குள் போனது. சிகரெட் வாயை விட்டுப் போகவில்லை. ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று மனைவி அழுது சத்தியம் வாங்கியதுதான் மிச்சம்.

"அதுலயும் பங்குக்கு வர்றார் பாரு! கை நிறையச் சம்பளம், சொந்தமா வாங்க மனசு வரலை" என்று மெஷின்காரரிடம் பொருமினார்.

"மாப்பிள்ளையாச்சே முதலாளி. இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அடுத்த பரிசோதனைக்கு மகளும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள்.

அச்சகக்காரர் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையை டாக்டர் கழற்றினார். "அட, பிரஷர் நல்லா இறங்கியிருக்கே! சிகரெட்?"

"இப்ப மூணோ நாலோதான்."

"சபாஷ்! பெரிய மனவுறுதிதான் உங்களுக்கு."

"நீங்க வேற டாக்டர்! மிச்சத்தையெல்லாம் மாப்பிள்ளை வாங்கிக்கறார். நான் எங்க போறது?"

டாக்டரின் முகம் மாறியது. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஏங்க, மாமனாருக்கு வந்ததைப் பார்த்துமா? பக்கவாதம் என்ன வயசு பார்த்தா வரும்? எத்தனை வருஷமா இந்தப் பழக்கம்?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார்.

மகள்தான் பதறினாள். "இவருக்கா? பக்கத்துல யாராவது புகைச்சாலே இவருக்கு மூச்சு இழுக்குமே டாக்டர்!"

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து, அப்படியே மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"நாளைக்கும் வாங்க மாப்பிள்ளை. சும்மா பேசிட்டிருக்கலாம்."