எல்ம் தெருவின் அசல் நிறம்

"கத்தியை ஆழமா இறக்குங்க கர்ட்டிஸ். பாவமெல்லாம் பார்க்காதீங்க," என்றாள் மர்ட்டில் ஹாஸ்கின்ஸ்.

கர்ட்டிஸ் சின்னக் கத்தியை வெளியே எடுத்ததும் ரோண்டா கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டு விழப்போவது அவள் வீட்டு முகப்புப் பலகையில்தான். ஆனாலும் அவளுக்கு வலித்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோண்டா, போன கோடையில் தன் பழைய வீட்டுக்குப் பளீரென்று மஞ்சள் அடித்து, ஜன்னல் சட்டங்களுக்குச் சிவப்பும் பூசிவிட்டாள். 'பஸ்ஸுக்கு அடிச்ச பெயிண்ட்ல மிச்சமா?' என்று ஊரே கேட்டது. எல்ம் தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் வெள்ளை.

ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் பழைய வீடுகள் பாதுகாப்புக் குழுவுக்கு மர்ட்டில்தான் தலைவி. அவளைக் கேட்காமல் ஒருவரும் கதவுக் குமிழைக்கூட மாற்ற முடியாது. எல்ம் தெருவைப் பாரம்பரியத் தெருவாக அறிவிக்க மாநில அதிகாரிகள் அடுத்த மாதம் வருகிறார்கள். இந்த நேரத்தில் இப்படி ஒரு மஞ்சள்!

"விதி எல்லாருக்கும் தெரியும்," என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். விதியை எழுதியவளே அவள்தான். "வீடு கட்டினப்போ முதல்ல என்ன நிறம் பூசினாங்களோ, அதைத்தான் பூசணும். பனி விழறதுக்குள்ள முடிக்கணும். செலவு வீட்டுக்காரங்களோடது."

"என் சம்பளத்துல இன்னொரு தடவை முடியாது மர்ட்டிலம்மா. வீட்டை வித்துட்டுத்தான் போகணும்," என்றாள் ரோண்டா.

"அதை மஞ்சள் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும் கண்ணு."

பக்கத்து வீட்டு கிளெம் டோனட்டை மென்றுகொண்டே வாயைத் திறந்தார். "ஏன் மர்ட்டில், அடியில வெள்ளை இல்லாம வேற ஏதாவது இருந்துட்டா?"

மர்ட்டில் சிரித்தாள். குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு அது.

"எதிர்ல நிக்குதே என் வீடு, கண்ணுக்குத் தெரியலையா? ரெண்டையும் ஒரே தச்சன்தான் கட்டினான், தன் ரெண்டு பொண்ணுங்களுக்கு. ஒருத்திக்குக் குறைஞ்சா இன்னொருத்தி விடமாட்டாளாம். அதனால ஒரே மரம், ஒரே ஆணி, ஒரே வாளிப் பெயிண்ட். என் வீடு வெள்ளை. அப்போ இதுவும் வெள்ளைதான். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

கிளெம் அடுத்த டோனட்டுக்குப் போய்விட்டார்.

கர்ட்டிஸ் தலைநகரத்திலிருந்து வந்த பெயிண்ட் நிபுணன். வெங்காயத் தோலை உரிப்பது போலப் பலகையில் ஒவ்வொரு பூச்சாக உரித்துக்கொண்டு போனான்.

"மேல மஞ்சள், இது போன வருஷத்துது. அடுத்தது வெள்ளை. அதுக்குக் கீழயும் வெள்ளை. இதுவும் வெள்ளை..."

மர்ட்டிலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ரோண்டாவின் தோளில் தட்டி, "வெள்ளை பெயிண்ட் எங்க மலிவுன்னு நானே சொல்றேன், கவலைப்படாதே," என்றாள்.

கத்தி இன்னும் கீழே போனது. கர்ட்டிஸ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பக்கத்து ஜன்னல் சட்டத்தையும் ஓரமாகச் சுரண்டிப் பார்த்தான்.

"வெள்ளையெல்லாம் பின்னாடி வந்த மோகம் மேடம். மரத்தோட ஒட்டிக் கிடக்கறது மஞ்சள். ஜன்னல்ல சிவப்பு. நல்லா பளிச்சுன்னுதான் பூசியிருக்காங்க."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மர்ட்டிலின் முகத்தில் ஈயாடவில்லை. அவளே போய்க் குனிந்து பார்த்தாள். விரலால் தேய்த்தும் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

ஆனால் மர்ட்டில் மானஸ்தி. நிமிர்ந்தாள்.

"விதின்னா விதிதான். அசல் மஞ்சள்னா மஞ்சள். ரோண்டா வீட்டை இனிமே யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா என்கிட்ட பதில் சொல்லணும்."

கைதட்டல் எழுந்தது. ரோண்டா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். தோற்றாலும் மரியாதையாகத் தோற்றோமே என்று மர்ட்டிலின் மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று தெருவைக் கடக்கத் திரும்பினாள்.

ரோண்டாவும் அந்தப் பக்கம் பார்த்தாள். எதிரே மர்ட்டிலின் வெள்ளை வீடு வெயிலில் மின்னியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டாள்:

"மிச்ச மஞ்சள் ரெண்டு டப்பா இருக்கு மர்ட்டிலம்மா, உங்க வீட்டுக்குப் பத்துமா?"