எறும்பு வருதுல்லா?

தங்கராசின் புஜத்துக்குள் பதித்த மருந்துக் கருவி, ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீரோடு இறக்கிவிடும். கழிவறையில் எறும்பு மொய்த்தால் அவருக்கு நிம்மதி. அதைச் செய்த கம்பெனியை மூடிய அன்று கருவியின் விளக்கு அணைந்தது.

"வெளக்குதாம்ட்டி போச்சு. எறும்பு வருதுல்லா? மருந்து வேல செய்யுது" என்றார் மனைவி செல்லக்கனியிடம்.

மருந்து நின்று சர்க்கரை எகிறினாலும் அதே எறும்பு வரும் என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். இந்தக் கருவிகள் வந்தபின் சர்க்கரை மாத்திரைகள் கடையைவிட்டுப் போய் வெகுகாலமாகியிருந்தது. சொல்லியும் பயனில்லை என்று அதை அவரிடம் மறைத்துவிட்டாள்.

இன்று காலை எறும்பு வரிசை கட்டில்வரை வந்திருந்தது. போர்வையை விலக்கினாள். அவருடைய கால் பெருவிரல் புண்ணில் எறும்புகள் கருகருவென்று அப்பியிருந்தன. அவருக்குக் கடி தெரியவில்லை.

"எறும்பு வந்துட்டாட்டி?" என்று படுத்தபடியே ஆவலாகக் கேட்டார்.

"வந்துட்டு" என்றாள்.