குடும்பத்தோடு வாருங்கள்

கோடைக் குடும்பத் திருவிழா தொடங்கும் நாள். பொழுதுபோக்குப் பூங்காவின் மேனேஜர் காலையிலேயே காவலாளிகளை வரிசையில் நிறுத்தினார்.

"இன்னைக்கு பேங்க்லேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. நமக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா, இல்லே இழுத்துப் பூட்டலாமான்னு பார்க்கத்தான் வர்றாங்க. ஊர்ல வேற பிள்ளை பிடிக்கிற கும்பல் சுத்துதுன்னு பேச்சு. ஒரு பிள்ளை காணாமப் போச்சுன்னா உங்க வேலையும் காணாமப் போயிடும். முக்கியமா நீ!"

'நீ' என்றது விசிலை. வாத்து குளத்தை விட்டு வெளியே வந்தால்கூட ஊதுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய், இந்தக் காக்கிச் சட்டைக்கு வந்தவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று இந்த வாரம் முடிவு செய்வார்கள். அனுப்பிவிட்டால் மூட்டை தூக்க முதுகும் இல்லை, மனைவியின் வாயைத் தாங்கக் காதும் இல்லை.

சாதாரண நாளில் அந்தப் பூங்காவில் மனிதர்களைவிடக் காக்கைகள் அதிகம். யானைச் சறுக்கு மரத்துக்குத் தும்பிக்கை பாதிதான் மிச்சம். ராட்டினம் போடும் சத்தத்தைக் கேட்டால் ஏறியவன் மட்டுமல்ல, கீழே நிற்பவனும் சாமியைக் கூப்பிடுவான்.

அன்றைக்கோ, அடேயப்பா! அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று விளம்பரப் பலகையிலிருந்து இறங்கி வந்தது போல எங்கே பார்த்தாலும் குடும்பம். பேங்க் பெரியவர் வாயெல்லாம் பல்லாக நடந்தார். அவர் சிரிக்கச் சிரிக்க மேனேஜர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

விசில் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் ஒருவன் மேல் விழுந்திருந்தது.

மடிப்புக் கலையாத பூப்போட்ட சட்டை. ஆனால் கை, சிமெண்ட் தின்ற கை. அந்தக் கையை விசிலுக்கு நன்றாகத் தெரியும். அவனிடமே இரண்டு இருந்தன. இந்தக் கைக்கு அந்தச் சட்டை நேர் வழியில் வந்திருக்காது என்று நினைத்தான். கூலிக்காரனைச் சந்தேகப்பட முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு காக்கிச் சட்டை போதும்.

ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் ஒண்டி நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

"மாமா, எங்கம்மா எங்கே?" என்று பூப்போட்ட சட்டைக்காரனின் கையைப் பிடித்திருந்த சிறுமி கேட்டாள்.

"ஷ்ஷ்! மாமான்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அப்பான்னு கூப்பிடு."

"நீ எங்கப்பா இல்லையே."

"சாயங்காலம் வரைக்கும் நான்தான் உங்கப்பா. அழுதே, உங்கம்மாகிட்ட விடவே மாட்டேன்."

பக்கத்தில் ஒரு பையனை இடுப்பில் வைத்திருந்த பெண், பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "முதல்ல அதைச் சிரிக்கச் சொல்லு. பார்த்துக்கிட்டே இருக்காங்க."

ஜோடியாகவே வந்திருக்கிறார்கள்! விசில் முன்னால் போய் வழியை மறித்தான்.

"பாப்பா பேரு என்னங்க?"

சட்டைக்காரன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். "பேரா... பாப்பாதான்."

"ஓஹோ. வயசு?"

"ஏழு" என்றான் அவன். "அஞ்சு" என்றாள் அவள், அதே மூச்சில்.

"ஆறு" என்றாள் சிறுமி, இரண்டு பேரையும் கேவலமாகப் பார்த்து.

அதற்கு மேல் என்ன வேண்டும்? விசில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி ஊதினான்.

"பிள்ளை பிடிக்கிறவன்! பிடிச்சிட்டேன்! எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைப் பிடிச்சுக்குங்க!"

மேடையில் அப்போது 'சிறந்த குடும்பம்' போட்டிக்குப் பேங்க் பெரியவர் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார். மைக்செட்காரன் தன் பங்குக்கு ஒலிபெருக்கியிலும் அலறினான்: "அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க பிடிச்சுக்குங்க!"

பிடித்துக்கொண்டார்கள்.

அப்பாக்கள் கையிலிருந்த பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் ஓடினார்கள். அம்மாக்கள் அடுத்த குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கினார்கள். சிறந்த குடும்பத்தின் தலைவர் மேடையின் இடப்புறம் குதித்தார், தலைவி வலப்புறம் குதித்தாள். பரிசுக் கோப்பை பெரியவர் கையிலேயே நின்றது. ராட்டினத்திலிருந்து இறங்கிய ஒருத்தி, கூட வந்த கணவனை உதறிவிட்டுத் தலைவிரிகோலமாக ஓடி வந்து சிறுமியை வாரி அணைத்தாள்.

"அம்மா!" என்றாள் சிறுமி.

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேனேஜர் வந்தார். பின்னாலேயே பேங்க் பெரியவரும் வந்தார்.

"சார், பிள்ளை பிடிக்கிறவன்!" என்றான் விசில், மூச்சு வாங்க.

"யோவ், யாருய்யா பிடிச்சது?" சட்டைக்காரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாங்க கட்டட வேலை செய்யறவங்க. எனக்கு அஞ்சு பிள்ளை. இந்தம்மாவுக்கு ஒண்ணுகூட இல்லை. அப்படியே நின்னா பேங்க்காரங்க பார்க்க லட்சணமா இருக்காதுன்னு, கூலி பேசிக் கூட்டிட்டு வந்த லாரியை விட்டு இறங்கினதும் சட்டையைக் கொடுத்து, ஆளுக்கொரு பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைன்னு பிரிச்சுக் கொடுத்ததே இந்த மேனேஜர் ஐயாதான்! சொல்லுங்கய்யா!"

பேங்க் பெரியவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ராட்டினத்தைப் பார்த்தார்.

ஒரே வாரத்தில் பூங்காவை மூடி சீல் வைத்த பேங்க், மேனேஜர் உட்பட ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்ற கண்டிப்பான உத்தரவோடு, விசிலை அந்த வாசலுக்கு நிரந்தரக் காவலாளியாக நியமித்தது.