குடும்பப் பெயர் கட்டாயம்

மரவள்ளி வறுவல் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கொறித்தபடி, ரத்மியின் கணவர் கம்ப்யூட்டரில் பில் போடும் தரவுத்தளம் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில் வீட்டிலேயே வறுவல் போட்டு விற்பவள் ரத்மி.

"முதல் வாடிக்கையாளர் பேரைச் சொல்லு."

"சுலாஸ்த்ரி."

"குடும்பப் பேரு?"

"ஜாவாக்காரங்களுக்கு ஏதுங்க குடும்பப் பேரு? நமக்கெல்லாம் ஒத்தப் பேருதானே!"

"அந்தக் கட்டம் காலியா இருந்தா ஏத்துக்காது."

"யாரு வச்ச சட்டம்?"

"நான்தான்."

"அப்படின்னா 'பேரம்'னு போடுங்க. வாயைத் திறந்தா அதுதான்."

சுலாஸ்த்ரி பேரம் பதிவானாள்.

"அடுத்து?"

"சுதர்னோ."

"அடடா, தங்கமான மனுஷனாச்சே!"

"தினம் ஒரு பாக்கெட் தின்னுட்டு, காசே தராத தங்கம். குடும்பப் பேரு 'ஓசி'. இன்னிக்குத் தின்னதுக்கு பில்லும் போடுங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போட்டார். "பாக்கி தீர்ற வரைக்கும் ஆளை அழிக்க முடியாது, பார்த்துக்க. அதுவும் என் சட்டம்."

"நல்லதாப் போச்சு. நான் விடமாட்டேன் அந்த ஆளை."

மறுநாள் காலை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் மகள் வெனிங் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"அம்மா, பட்டியல்ல அப்பா பேரு எதுக்கு? அழிச்சா அழிய மாட்டேங்குது. பாக்கி இருக்காமே, தீர்ந்ததா போட்டுடவா?"

"கையை எடுடீ!" என்றாள் ரத்மி.

இரண்டாம் எண் வாடிக்கையாளர் இன்றும் சுதர்னோ ஓசி. பாக்கி, ஒரு பாக்கெட்.