ஏழாம் அறையின் கடிதம்

"மார்க் பிரமாதம். நாற்பது மணி நேரச் சேவையும் முடிச்சுட்டே. நம்ம ஸ்கூல் கௌரவச் சங்கத்துல உனக்கு இடம் உறுதி, மாரென்!" என்றார் ஹால்வர்சன் டீச்சர். "பராமரிப்பு இல்லத்துலேருந்து ஏழாம் அறை அம்மா கைப்பட எழுதி அனுப்பியிருக்காங்க, கேளு."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"'இந்தப் பொண்ணு எனக்குச் சொந்தமே இல்லை. ஆனாலும் பனியில சைக்கிள் மிதிச்சு வந்து எனக்குத் தலை வாரி விடுறா. இவளைப் பெத்தவ கொடுத்துவைச்சவ.'"

கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"விழாவுக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா. நீ மெழுகுவர்த்தி ஏத்தினதும் அவங்கதான் உனக்கு பேட்ஜ் குத்தி விடணும்."

"என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துடுங்க டீச்சர்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

"சொந்தக்காரங்களுக்குச் செஞ்சது சேவையில சேராதுன்னு விதி இருக்கே."

"அதான் சொந்தமே இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்களே!"

மாரென் அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டாள்.

"கார் விபத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியலை டீச்சர்."