'இல்லை' அம்பு போகும் இடம்

தனசேகரன் மூன்றாவது முறையாக நாற்காலியை விட்டு எழுந்தான்.

மேசையில் விரிந்திருந்த தாளில் ஏழு கட்டங்கள். கப்பல் துறைமுகம் சேர்ந்ததாக டெலக்ஸ் செய்தி வருகிறது. பதிவேட்டில் குறிக்கிறார்கள். மாலுமிகளின் பட்டியலைச் சரிபார்க்கிறார்கள். கோப்பில் வைக்கிறார்கள். இந்தக் கட்டங்களையும் அம்புகளையும் அவன் கம்ப்யூட்டருக்குப் புரியும் வரிகளாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.

அதற்காகத்தான் அவனுடைய கம்பெனி அவனை இந்தக் கப்பல் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. வந்த நாளிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போவான். படிக்கட்டு வரை போவான். திரும்பி வருவான்.

படத்தில் இரண்டு இடங்கள் உதைத்தன.

ஒன்று, நேரம். படத்தின்படி ஒரு கப்பலுக்குப் பத்து நிமிடம் போதும். மாலுமிகள் பிரிவில் இந்த வேலையைப் பார்க்கும் பிலோமினம்மாளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆகிறது.

"மெதுவா செய்றாங்க, வேற என்ன?" என்றார் மேலாளர் சேக் தாவூது. "மெஷின் வந்துட்டா அந்த சீட்டே தேவையில்ல லா."

இரண்டாவது, ஓர் அம்பு. 'கப்பல் சேர்ந்ததா?' என்ற கேள்விக் கட்டத்திலிருந்து 'ஆம்' ஒழுங்காகக் கீழே இறங்கியது. 'இல்லை' வலப்பக்கம் போய், எந்தக் கட்டத்தையும் தொடாமல் தாளின் ஓரத்தில் நின்றது.

தாளைச் சுருட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினான்.

பிலோமினம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டான். தலையை மட்டும் ஆட்டினார்.

பத்து நிமிடத்தில் ஏழு கட்டங்களும் முடிந்தன.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். பக்கம் முழுக்கத் தொலைபேசி எண்கள். எதிரே காப்பிக்கடை, தையல் கடை, பள்ளிவாசல், பக்கத்து புளோக் டீச்சர் வீடு என்று எழுதியிருந்தது. வீட்டில் போன் இல்லாதவர்களை எங்கே கூப்பிட்டால் கிடைப்பார்கள் என்ற கணக்கு.

"கதீஜாவக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? ... கதீஜா, கப்பல் சேர்ந்துடுச்சும்மா. எல்லாரும் நல்லாருக்காங்க."

அடுத்த எண். அதே வார்த்தைகள். அடுத்தது மலாயில். பதினொரு வீடுகள். முப்பத்தைந்து நிமிடங்கள்.

"இதைச் செய்யச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"யாரு சொல்லணும்? வந்து கேக்க அவங்களுக்கு யாரத் தெரியும், தம்பி?"

தனசேகரன் படத்தில் எட்டாவது கட்டம் ஒன்றைப் போட்டான். கோடு நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

பிறகு, நின்றுபோன அம்பின் மேல் விரலை வைத்தான்.

"கப்பல் சேரலைன்னா?"

பிலோமினம்மாள் நோட்டை மூடினார்.

"அப்ப போன் பண்ண மாட்டேன். நேர்ல போவேன்."

அவன் சட்டென்று எழுந்தான். ஜன்னலருகே போய் நின்று வெளியே படகுகளைப் பார்த்தான். திரும்பி வந்து தாளை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை சேக் தாவூது புதிய படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எட்டாவது கட்டத்தில் கம்ப்யூட்டரே குடும்பங்களின் எண்களை வரிசையாக அச்சிட்டுப் பிலோமினம்மாள் மேசைக்கு அனுப்பும். ஓரத்தில் நின்ற 'இல்லை' அம்பும் இப்போது ஒரு கட்டத்தில் சேர்ந்திருந்தது. அந்த இடத்துக்கு வந்தால் புரோகிராம் நின்றுவிடும். திரையில் பிலோமினம்மாளின் பெயர் வரும். அவர் வந்து ஒரு பொத்தானை அழுத்தும் வரை ஓடாது.

"ஆள் வேணாம்னுதானே மெஷின் வாங்குறோம். இது ஆளுக்காக நிக்குதே?"

"இந்த எடத்துக்கு ஆள்தான் போகணும், சார். அத மெஷினுக்கு எழுதிக் கொடுக்க எனக்குத் தெரியல."

சேக் தாவூது படத்தை மேசையில் வைத்தார். மறுபடி எடுத்தார். அவருடைய பேனா அந்தக் கட்டத்தின் மேல் வெகுநேரம் நின்றது. அடித்துவிடுவார் என்றுதான் தனசேகரன் நினைத்தான்.

கையெழுத்துப் போட்டார்.

அந்த புரோகிராம் 1981 முதல் ஏழு வருடங்கள் ஓடியது. பிலோமினம்மாள் ஓய்வு பெறும்வரை அந்த மேசையில்தான் இருந்தார். அத்தனை வருடத்தில் அது இரண்டே முறை நின்றது.

நேரில் போய் என்ன சொல்வார், எப்படிச் சொல்வார் என்று தனசேகரன் அவரிடம் கேட்கவேயில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

செருப்பை வாசலில் கழற்றுவார். உள்ளே வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பார். ஒவ்வொரு மடக்காக, மெதுவாகக் குடிப்பார்.

அறுபத்தாறில், அப்பாவின் கப்பல் சேராதபோது, ஜாலான் புசார் கடைவீட்டு மாடியில், அவர் குடித்து முடிப்பதற்குள் அம்மா தானாகவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.