412

அக்காவின் ஓட்ட எண் 412. போன வருட அரை மாரத்தானில், பதினெட்டாவது கிலோமீட்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, "நடிக்காதே, ஓடு" என்று விரட்டினார் பயிற்சியாளர். நூறடி ஓடி விழுந்தவளுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. சாவுவீட்டுக்கு வந்தும், "மன உறுதி பத்தலை" என்றுதான் சொன்னார். அந்த எண்ணை இந்த வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை.

தங்கை நேரம் பதியும் மேசையில் இருந்தாள். ஓடுகிறவர் காலில் கட்டிய சிப், ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகத் தரையில் விரித்த பாயைத் தாண்டியதும் அவள் கணினியில் எண் விழும். பயிற்சியாளரும் ஓடினார். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டுவதாக வாய்ச்சவடால் வேறு.

ஐந்தாவது கிலோமீட்டரில் அவர் எண் விழுந்தது. நாற்பது விநாடி கழித்து 412. பத்தாவதில் இருபது விநாடி. பதினைந்தாவதில் ஆறு.

பதினெட்டாவதில் தண்ணீர் கொடுப்பவர் போன் செய்தார். "ஏம்மா, உங்க கோச்சு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுறாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. நிறுத்திடவா?"

"பின்னாடி யாரு வர்றா?"

"ஒருத்தரும் இல்லையே."

"நடிக்கிறாருண்ணே. ஓடட்டும். அவருக்குத்தான் மன உறுதி நிறைய இருக்கே."

ஒரு மணி இருபத்தெட்டு நிமிடத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினார். அவர் வாழ்நாளிலேயே சிறந்த நேரம். கூட்டம் கைதட்டியது. பதக்கம் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, நிற்காமல், புறப்பட்ட பாதையிலேயே மறுபடியும் ஓடினார்.

தங்கை தண்ணீர் குடித்தாள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது கிலோமீட்டர்ப் பாயில் அவர் எண் விழுந்தது. ஒரு விநாடி கழித்து 412.